பொனெற்றைத் திறந்தால் வேறு ஆள்!

யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய காரைக் கண்டவுடன் இன்ன கார் என்று சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் பொறுத்துக் காதைக் கொடுங்கள். நல்லூர்ப் பக்கத்தால் ஒரு ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் வருகிறது. குறோமியம் மினுங்குகிறது. பொனெற்றில் மல்லிகைச் சரம். பின் சீற்றில் தலைப்பாகையோடு வேர்த்துக் கொட்டும் மாப்பிள்ளை. 1957இல் இங்கிலாந்தின் லோங்பிறிட்ஜ் தொழிற்சாலையில் பிறந்த வண்டி, வயதுக்கேற்ற மரியாதையோடு ஊர்ந்து வருகிறது. கிட்ட வந்ததும்தான் குட்டு உடைகிறது: டக-டக-டக-டக! இது கேம்பிறிட்ஜின் குரலே இல்லை. கண்ணை மூடினால் எதிரில் நிற்பது மீன் ஏற்றி வந்த ரொயோட்டா வான்!

இந்தக் குரல் மாறாட்டத்தின் பின்கட்டு எப்படி இருக்கும் என்று எட்டிப் பார்க்கக் கொக்குவில் பக்கம் ஒரு கராஜுக்குள் நுழைந்தேன். பெயர்ப்பலகை கிடையாது. பெரிய மாமரம், அதற்குக் கீழே தகரக் கூரை, கூரையின் இரும்பு வளையில் ஒரு செயின் புளொக். அதில் ஒரு எஞ்சின் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே வாயைப் பிளந்தபடி ஒரு கார். இன்னொரு மூலையில் இன்னொரு எஞ்சின் ரயர் ஒன்றின் மேல் குந்தியிருக்கிறது. அது எந்தக் காரிலிருந்து வந்தது, எந்தக் காருக்குப் போகப்போகிறது என்று கேட்டால் மூன்று பேர் மூன்று பதில் சொல்கிறார்கள். எனக்கு உடனே இடம் பிடித்துவிட்டது.

கராஜின் சொந்தக்காரரை எல்லோரும் ஐயா என்கிறார்கள். எழுபது தாண்டியவர். எஞ்சினைத் தூக்குவது, இறக்குவது, வெட்டுவது, ஒட்டுவது அவர் பாடு. வயறிங், சென்சர், கொம்பியூட்டர்ப் பெட்டி எல்லாம் அவருடைய மருமகன் பாடு. ஒருவர் செய்வதை மற்றவர் வேலை என்று ஒத்துக்கொள்வதில்லை. "மாமா காபரேற்றரோடை நிண்டிட்டார்" என்று மருமகன் சொல்ல, "உவர் வயரைப் பிடிச்சுக்கொண்டு தொங்கிறார்" என்று ஐயா சொல்ல, வேலை ஒருமாதிரி நடக்கிறது.

முதலில் என் கண்ணில் பட்டது எஞ்சின் கழற்றிய ஒரு மொறிஸ் மைனர். உள்ளே எவ்வளவு இடம்! அந்தச் சின்னக் காருக்கு இத்தனை அகலமான எஞ்சின் அறை எதற்கு என்று கேட்டேன். ஐயா பொனெற்றை விரலால் தடவிக் காட்டினார். நடுவில், முன்னிருந்து பின்னாக, ஒரு தட்டையான பட்டை ஓடுகிறது.

"உதிலைதான் தம்பி கதை கிடக்கு."

கதை உண்மையானது. மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில் மினியைத் தந்த அதே மனிதர். 1948இல் கார் வெளிவருவதற்குச் சற்று முன்னர், வண்டி ஒடுங்கலாகத் தெரிகிறதே என்று அவருக்கு மனம் கேட்கவில்லை. மாதிரிக் காரை நடுவால் நெடுக்குவெட்டாக அறுத்து, இரண்டு பாதியையும் மெல்ல மெல்ல விலக்கிப் பார்த்தார். 4 அங்குலம் விலகியபோது கண்ணுக்குச் சரி என்று பட்டது. அந்த 4 அங்குலம்தான் பொனெற்றில் பட்டையாக ஓடுகிறது. இதற்குள் பம்பர்கள் பழைய அளவில் செய்து அடுக்கப்பட்டுவிட்டன. என்ன செய்வது? அவற்றையும் நடுவால் வெட்டி, 4 அங்குலத் துண்டு வைத்துப் பூட்டி அனுப்பினார்கள். ஆரம்ப காலத்து மைனர்களின் பம்பரில் அந்த ஒட்டைக் காணலாம். உலகம் கொண்டாடும் காரே ஒட்டுப் போட்டுத்தான் பிறந்திருக்கிறது! இது போதாதென்று, இசிகோனிஸ் முதலில் அதற்கு நினைத்தது சிலிண்டர்கள் இரு பக்கமும் படுத்திருக்கும் அகலமான எஞ்சின். செலவு கருதி அதைக் கைவிட்டு, முந்திய மொறிஸ் கார்களில் இருந்த 918 சீசீ எஞ்சினையே வைத்தார்கள். அகலமான அறை மட்டும் அப்படியே மிஞ்சியது. வராத எஞ்சினுக்காக விட்ட இடத்தில்தான் ஐயா ஐம்பது வருடமாகக் குடும்பம் நடத்துகிறார்.

எஞ்சின் மாற்றத்தில் பாலர் வகுப்பு என்பது ஒரே குடும்பத்துக்குள் மாற்றுவது. 1952இல் ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே கம்பனியாக, மைனருக்கு ஒஸ்ரின் வீட்டு 803 சீசீ எஞ்சின் வந்து சேர்ந்தது. 1956இல் அது 948 ஆனது. 1962இல் 1098. இந்த ஏ சீரிஸ் குடும்பம் 2000ஆம் ஆண்டில் கடைசி மினி இறங்கும்வரை உயிரோடு இருந்தது என்றால் பாருங்கள். ஆகவே 1953 மைனருக்கு 1963 மைனரின் எஞ்சினை வைப்பது பேரனின் இரத்தத்தைத் தாத்தாவுக்கு ஏற்றுவது மாதிரி. பெரிதாக முரண்டு பிடிக்காது.

ஆனால் எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு வருகிறவர்களைக் கண்டால் ஐயாவுக்குக் கோபம் வரும். 803இன் கியர்பொக்ஸ் அந்தச் சின்ன எஞ்சினுக்கென்று செய்தது. பெரிய எஞ்சினின் இழுவையைத் தாங்காது. பின் அச்சின் பல்லுக் கணக்கும் அப்படித்தான். 948க்கு 4.55, 1098க்கு 4.22. பழைய பின் அச்சோடு புது எஞ்சினை ஓடவிட்டால் நாற்பது மைல் வேகத்திலேயே அது தொண்டை கிழியக் கத்தும். மலைநாட்டில் இருக்கிறவன் ஏற்றத்துக்காக அதைச் சகித்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்தில் ஏற்றம் எங்கே இருக்கிறது? பாலத்தில் ஏறி இறங்குவதுதான் இங்கே மலையேற்றம். "4.22ஐத் தேடிப் பிடியுங்கோ, பிறகு எஞ்சினைப் பற்றிக் கதைப்பம்" என்பதே ஐயாவின் நிலைப்பாடு.

நான் கண்ட மைனருக்கு வரப்போவது சொந்தக் குடும்பத்து எஞ்சின் இல்லை. டட்சன் சனியின் ஏ-12 எஞ்சின். 1171 சீசீ, அலுமினிய ஹெட், கையில் எடுத்தால் கொஞ்சலாம் போல ஒரு கச்சிதம். நியூசிலாந்திலும் அவுஸ்திரேலியாவிலும் மைனர்ப் பித்தர்கள் இதே எஞ்சினைத்தான் தேடித் திரிகிறார்கள். அறைக்குள் தாராளமாக இறங்குகிறது. மைனரின் ஸ்ரியறிங் றாக் எஞ்சினுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி இருப்பதால் முன்பக்கம் இடைஞ்சல் குறைவு. வேலை வாங்குவது கியர்பொக்ஸ்தான். அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தை வெட்டித் திருத்த வேண்டும். சாஃப்ற்றின் முன்முனை டட்சனுக்கும் பின்முனை மைனருக்கும் பொருந்துகிற மாதிரி லேத்தில் கொடுத்து இரண்டையும் ஒன்றாக்க வேண்டும்.

பிறகு ஒரு கண்ணி இருக்கிறது. அதில் விழுந்து புகை விட்ட வண்டிகள் பல. பழைய ஆங்கிலக் கார்களில் பற்றறியின் பொசிற்றிவ் பக்கம்தான் பொடியோடு பூட்டியிருக்கும். ஜப்பான்காரனுக்கு நெகற்றிவ் பக்கம். டட்சன் எஞ்சினை வைத்து, அதன் ஓல்ரனேற்றரையும் பூட்டி, பற்றறியை மட்டும் தாத்தா காலத்து வழக்கப்படி இணைத்தால், ஓல்ரனேற்றருக்குள் இருக்கும் டயோடுகள் ஒரே நொடியில் பரலோகம் போய்விடும். மருமகன் ஒவ்வொரு பழைய காரிலும் பற்றறிப் பெட்டிக்கு மேல் சிவப்பு மையால் பெரிய கழித்தல் அடையாளம் போட்டு வைத்திருக்கிறார். மாமாவை நம்பி அல்ல.

"ஆங்கிலேயக் காருக்குள்ளை ஜப்பான் எஞ்சினை வைக்கிறது அநியாயம் இல்லையோ?" என்று வேண்டுமென்றே கிளறினேன். ஐயா சிரித்துக்கொண்டே, "அவை சம்பந்தி வழி" என்றார். வேடிக்கையாகச் சொன்னாலும் வரலாறு அவர் பக்கம்தான். போரில் நொடிந்திருந்த நிசான் கம்பனி 1952 டிசம்பரில் ஒஸ்ரினோடு ஒப்பந்தம் செய்தது. 1953இலிருந்து ஒஸ்ரின் ஏ-40 சமர்செற்றையும், 1955இலிருந்து ஏ-50 கேம்பிறிட்ஜையும் ஜப்பானில் பூட்டி விற்றது. பிறகு டொனால்ட் ஸ்ரோன் என்ற அமெரிக்க எஞ்சினியர் வந்து, புதிதாக எஞ்சின் தேடி அலையாதீர்கள், கையில் இருக்கிற ஒஸ்ரின் எஞ்சினின் ஸ்ரோக்கைக் குறையுங்கள் என்றார். 89 மில்லிமீற்றர் 59 ஆனது. சிலிண்டரின் 73 மில்லிமீற்றர் விட்டம் அப்படியே இருந்தது. 1489 சீசீ எஞ்சின் 988 சீசீ ஆகச் சுருங்கி, 1957இல் டட்சன் காருக்குள் ஏறியது. அந்த எஞ்சினையே ஸ்ரோன் எஞ்சின் என்று அழைத்தார்கள். இசுசுவும் விதிவிலக்கல்ல, 1953இலிருந்து இங்கிலாந்தின் ஹில்மன் மிங்ஸைத்தான் அது பூட்டிப் பழகியது. கேம்பிறிட்ஜுக்குள் நிசான் எஞ்சின் இறங்கும்போது, அது வேறு வீட்டுக்குப் போவதாக நான் இனி ஒருபோதும் நினைக்கமாட்டேன்.

சென்னைப் பக்கத்து வாசகர்கள் இதை அதிகம் எள்ளி நகையாட வேண்டாம். உங்கள் அம்பாசடர் யார்? மொறிஸ் ஒக்ஸ்போட்டின் பொடி. அதற்குள் 1992இல் ஹிந்துஸ்தான் மோட்டோர்ஸ் வைத்தது 1.8 லீற்றர் இசுசு எஞ்சின். கொக்குவிலில் மாமரத்தின் கீழ் நடப்பதைத்தான் அவர்கள் தொழிற்சாலைக்குள் கோட்டுச் சூட்டோடு செய்தார்கள். 2014 மே மாதம் அம்பாசடர் நின்றுபோன செய்தி கேட்டு இந்தக் கராஜில் உண்மையாகவே துக்கம் காத்திருப்பார்கள். கேம்பிறிட்ஜுக்கும் ஒக்ஸ்போட்டுக்கும் அம்பாசடருக்கும் அந்த 1489 சீசீ எஞ்சின் பொதுச் சொத்து. வால்வும் பிஸ்ரனும் கஸ்கெற்றும் அங்கேயிருந்துதானே வரவேண்டும்.

இந்தக் கைவேலை இங்கே இவ்வளவு ஊறிப்போனதற்குக் காரணம் வேறு. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபின் குடாநாட்டுக்குள் பெற்றோல் வரத் தடை. மின்சாரமும் போயிற்று. ஊரில் மிஞ்சியது மண்ணெண்ணெய். அதுவும் தங்கமாட்டம் விலை. சைக்கிள் சனத்தைக் காப்பாற்றியது. நோயாளியையும் பிள்ளைத்தாச்சியையும் சவப்பெட்டியையும் ஏற்ற ஏதாவது ஒரு கார் ஓடியாக வேண்டும் அல்லவா? அப்போதுதான் ஏ-40க்கும் மைனருக்கும் ராஜயோகம் பிறந்தது.

அதன் நுட்பத்தை ஐயா விவரிக்கும்போது கண் பளிச்சிடுகிறது. மண்ணெண்ணெய் இலேசில் ஆவியாகாது. குளிர்ந்த எஞ்சினில் பற்றவே பற்றாது. ஆகவே பக்கத்தில் ஒரு சின்னப் போத்தல் பெற்றோல், இரண்டு குழாய், இரண்டு திறப்பு. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. வீடு வந்து சேர்வதற்குச் சற்று முன்னர் மறுபடி பெற்றோலுக்கு மாற்றி, காபரேற்றருக்குள் இருக்கும் மண்ணெண்ணெயை எரித்து முடிப்பது. மறந்துபோய் அப்படியே நிறுத்தினால் விடிய ஊரே சேர்ந்து தள்ள வேண்டும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் வழிந்து கீழே எஞ்சின் ஒயிலோடு கலக்கும். எல்லாக் காரிலும் ஒயில் நாளாக நாளாகக் குறையும். அந்த நாளில் யாழ்ப்பாணத்துக் கார்களில் அளவுக்கம்பியை இழுத்துப் பார்த்தால் ஒயில் கூடியிருக்கும்!

இதெல்லாம் பழைய கார்களால் மட்டும் முடிந்தது. சமர்செற்றுக்கும் 803 மைனருக்கும் அமுக்க விகிதம் 7.2தான். மண்ணெண்ணெய் போன்ற மட்டமான எரிபொருளையும் தட்டாமல் முட்டாமல் எரித்துவிடும். 8.5 விகிதமுள்ள 1098க்கு அதே மண்ணெண்ணெயைக் கொடுத்தால் கல்லுப் போட்ட தகர டப்பா மாதிரிச் சத்தம் போடும். அதற்கு ஹெட்டுக்குக் கீழே தடித்த கஸ்கெற் வைத்து அமுக்கத்தைக் குறைக்க வேண்டும். இங்கிலாந்தில் பேர்கியூசன் உழவு இயந்திரங்களும் இதே பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் இன எண்ணெயில் ஓடும் முறையில்தான் வயலை உழுதன. பெரிய பெரிய கம்பனிகள் வரைபடம் போட்டுச் செய்ததை இங்கே சேலைன் குழாயாலும் தகரத்தாலும் செய்தார்கள்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, போர் நெருங்க, வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது பல கார்கள் முற்றங்களிலேயே நின்றுவிட்டன. அதைப் பற்றி ஐயா அதிகம் கதைக்கவில்லை. நானும் கிளறவில்லை.

2002 ஏப்ரலில் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை மறுபடி திறந்தது. தெற்கிலிருந்து கார் வாங்குகிறவர்கள் வந்து இறங்கினார்கள். குளத்தில் கொக்குக் கூட்டம் இறங்கியதைப் போல என்று எழுதத் தோன்றுகிறது, எழுதவில்லை. அவர்களுக்கு வேண்டியது அசல் கார்: அசல் எஞ்சின், அசல் மீற்றர், அசல் கைபிடி. பொனெற்றைத் திறந்து டட்சனைக் கண்டால் முகத்தைச் சுழிப்பார்கள். விலையில் பாதியைக் குறைப்பார்கள். எனக்கு இந்த அசல்காரர்கள் மேல் ஒரு தீராத மனக்குறை உண்டு. எஞ்சின் மாற்றியிராவிட்டால் அந்தப் பொடி எந்தக் காலமோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட அவர்களுக்கு ஒரு கதவுகூடக் கிடைத்திராது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது எஞ்சின் மாற்றுகிறவர்களுக்கு: பெரிய எஞ்சினை வைத்துவிட்டு பழைய டிறம் பிறேக்கோடு ஏ-9இல் பறக்கிறீர்களே, அது வீரம் இல்லை. ஐயா பிறேக்கைத் திருத்தாமல் எஞ்சினை இறக்கமாட்டார். அதனாலேயே சிலர் அவரிடம் வருவதில்லை.

பழசுக்கு இன்னொரு யோகம் 2020 மார்ச்சில் வந்தது. நாட்டில் டொலர் இல்லை என்று வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஐந்து வருடம், இருக்கிற காரை ஓட்டு, இல்லையென்றால் இருக்கிற காருக்குள் எதையாவது வை என்ற நிலை. முப்பது வயதுக் கொறோலாக்கள் முற்றத்திலிருந்து தூசு தட்டப்பட்டு வந்தன. நான் போன அன்று கராஜின் கதாநாயகியும் அப்படியான ஒன்றுதான்.

சண்டிலிப்பாய்ப் பக்கத்து ரீச்சர் ஒருவரின் வெள்ளைக் கொறோலா, ஈஈ-90. 1987இல் தொடங்கிய தலைமுறை. 2ஈ எஞ்சின், 1295 சீசீ, காபரேற்றர். அந்தக் காபரேற்றரில் எண்ண முடியாத வக்கியூம் குழாய்கள் ஸ்பகெற்றி போலப் பின்னிக் கிடக்கும். ஒன்று வெடித்தால் எது எங்கே போவது என்று ஜப்பானில் செய்தவனுக்கே தெரியாது. காலையில் சோக்கை இழுத்து, ஐந்து நிமிடம் இருமவிட்டு, பிறகு பள்ளிக்கூடம் போக வேண்டும். ரீச்சர் பொறுமை இழந்துவிட்டார். அவருக்காகக் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து வந்து இறங்கியிருப்பது அடுத்த தலைமுறை ஈஈ-101இன் 4ஈ-எஃப்ஈ எஞ்சின்: 1331 சீசீ, 16 வால்வு, இன்ஜெக்சன். ஜப்பானில் காரின் முன்பாதியைக் குறுக்கே அறுத்து அனுப்புவார்கள். அதை ஹாஃப் கட் என்பார்கள். இதுவும் அப்படித்தான் வந்தது. அப்படி வந்தால் எஞ்சினோடு வயறிங், கொம்பியூட்டர்ப் பெட்டி, சென்சர் எல்லாம் குடும்பமாக வரும். எஞ்சினை மட்டும் மலிவாக வாங்கி வந்து, "தம்பி, வயர் நீர் பார்த்துப் போடும்" என்று சொல்கிறவர்களை மருமகன் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

2ஈயும் 4ஈயும் ஒரே குடும்பம் என்பதால் இரும்பு வேலை சுகம். அரை நாளில் ஐயா எஞ்சினை உட்கார்த்திவிட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "இனி உங்கடை நாடகம்" என்று ஒதுங்கினார். நாடகம்தான். காபரேற்றருக்கு எரிபொருள் பம்ப் சதுர அங்குலத்துக்கு 3 இறாத்தல் அழுத்தம் கொடுத்தால் போதும். கிட்டத்தட்டத் தானாக வழிவது மாதிரி. இன்ஜெக்சனுக்கு 40 இறாத்தல் வேண்டும். பழைய றப்பர்க் குழாயை அப்படியே விட்டால் வெடித்துச் சூடான எஞ்சின் மேல் பெற்றோல் தெளிக்கும். ஆகவே ராங்கிலிருந்து முன்பக்கம் வரை குழாய் புதிது. மிஞ்சிய பெற்றோல் திரும்பிப் போகிற குழாயும் அடைப்பில்லாமல் இருக்க வேண்டும். ராங்கும் சும்மா விடாது. காபரேற்றர் காலத்து ராங்குக்குள் தடுப்பு இல்லாததால், பெற்றோல் குறைந்த நேரத்தில் வளைவில் திரும்பினால் அது ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சும். காபரேற்றர் என்றால் அதன் கிண்ணத்தில் இருக்கிறதை வைத்துச் சமாளிக்கும். இன்ஜெக்சன் அந்த இடத்திலேயே நிற்கும். மருமகன் பின்னால் ஒரு சின்னக் கிண்ணப் பெட்டி வைத்து, எப்போதும் பெற்றோல் நிறைந்திருக்கிற மாதிரிச் செய்திருக்கிறார்.

றேடியேற்றருக்கு ஒருவர் வாளியோடு கிணற்றடிக்குப் போகப் பார்க்க, மாமாவும் மருமகனும் ஒரே குரலில் கத்தினார்கள். அன்று இருவரும் ஒத்துப்போன ஒரே விடயம் அது. குடாநாட்டுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். கிணற்றுத் தண்ணீரை ஊற்றிச் சூடாக்கினால் கேத்தலுக்குள் படிவது போல எஞ்சினுக்குள்ளும் வெள்ளைப் படை படியும். பழைய இரும்பு எஞ்சின்களின் தண்ணீர்ப் பாதைகளை ஐயா உளியால் சுரண்டியிருக்கிறார். அலுமினிய ஹெட்டுக்குக் கூலன்ற் தவிர வேறு எதுவும் காட்டக் கூடாது.

பின்னேரம் மூன்று மணி போல முதல் ஸ்ராட். எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றோம். பக்கத்து வீட்டுப் பெடியளும் மதிலில் ஏறிவிட்டார்கள். சாவியைத் திருப்பியதும் பின்னால் பம்ப் இரண்டு செக்கன் உறுமி அடங்கியது. மறுபடி திருப்ப, சோக் இல்லை, இருமல் இல்லை, ஒரே பிடியில் எஞ்சின் எழும்பியது! பெடியள் விசில் அடித்தார்கள். நானும் அடித்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் மீற்றரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணையவில்லை.

மருமகன் பதறவில்லை. எஞ்சின் அறையில் கறுப்பு மூடியோடு இருந்த ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே பல துளைகள். காகிதம் கோர்க்கும் கிளிப் ஒன்றை நிமிர்த்தி வளைத்து, ரீஈ-1, ஈ-1 என்ற இரண்டு துளைகளையும் இணைத்தார். எஞ்சினை நிறுத்திச் சாவியை மட்டும் போட்டதும் மஞ்சள் விளக்கு கதைக்கத் தொடங்கியது. ஆயிரக்கணக்கில் விலையான ஸ்கானர் ஒன்றும் வேண்டாம். அந்தக் காலத்து ரொயோட்டா தன் நோயைத் தானே கண் சிமிட்டிச் சொல்லும். இரண்டு சிமிட்டல், ஒரு இடைவெளி, இரண்டு சிமிட்டல்: 22. தண்ணீர்ச் சூடு பார்க்கும் சென்சர். கொஞ்சம் பொறுத்து நாலு சிமிட்டல், இரண்டு சிமிட்டல்: 42. வேகம் சொல்லும் சென்சர்.

22 சில்லறை வேலை; பிளக் ஒன்று சரியாக ஏறவில்லை, அமத்தியதும் போயிற்று. 42தான் ரசமானது. பழைய கொறோலாவின் மீற்றர் ஒரு கம்பி சுழன்று முள்ளை ஆட்டுகிற வகை. கார் என்ன வேகத்தில் போகிறது என்று அது ரீச்சருக்குச் சொல்லும், கொம்பியூட்டருக்குச் சொல்லாது. கொம்பியூட்டர், இந்தக் கார் ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் குழம்பும். ஹாஃப் கட்டோடு வந்த மற்ற மீற்றர்ப் பெட்டிக்குள் அதற்கான சென்சர் இருக்கிறது. அதை எடுத்துப் பழைய மீற்றருக்குள் எப்படிக் குடியேற்றுவது என்று மருமகன் விளக்கத் தொடங்க, ஐயா குறுக்கே விழுந்து, "எங்கடை காலத்திலை காருக்கு ஓடுறது தெரியும், ஓட்டுறவனுக்குத்தான் தெரியாது" என்றார். மதிலில் இருந்த பெடியளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

ரீச்சர் வந்தபோது இந்த விந்தைகள் ஒன்றையும் கேட்கவில்லை. "லீற்றருக்கு எத்தினை கிலோமீற்றர்? ஏசி வேலை செய்யுமோ?" அவ்வளவுதான். பிறகு புத்தகத்தைப் பற்றிக் கேட்டார். வாகனப் பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் நம்பரும் சீசீயும் எழுதியிருக்கும். இரண்டும் மாறிவிட்டதால் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் திருத்த வேண்டும். எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டைத் தொலைத்தால் அலைய வேண்டியதுதான். பெற்றோல் காரை டீசல் ஆக்கினவர்களுக்கு எரிபொருள் என்ற இடமும் மாற வேண்டும். நாட்டில் நெடுங்காலமாக டீசல் விலை குறைவாக இருந்ததால் வாடகைக் கேம்பிறிட்ஜுகள் எல்லாம் அந்தப் பக்கம் தாவின. டீசல் எஞ்சின் கனம் கூட; முன் ஸ்பிறிங் தாழும், கதவு கண்ணாடி எல்லாம் சேர்ந்து நடுங்கும். மாப்பிள்ளை வேர்த்துக் கொட்டுவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ரீச்சர் போனதும் ஒரு உழவு இயந்திரம் கட்டியிழுத்து வந்த ஏ-40 சமர்செற் உள்ளே ஏறியது. சாவகச்சேரிக் கார். உள்ளே டட்சன் எஞ்சின். இருபது வருடத்துக்கு முன்னர் வைத்தவர் இதே ஐயாதான். சொந்தக்காரரின் மகன் கனடாவில் இருந்து வந்திருக்கிறார். அப்பாவின் காரை மறுபடி அசலாக்க வேண்டுமாம், பழைய 1200 சீசீ எஞ்சினே வேண்டுமாம். நான் ஐயாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் அசையவில்லை. பின்பக்கத் தகரக் கொட்டிலைத் திறந்து, சாக்கை விலக்கி, புளொக்கில் அடித்திருந்த நம்பரை ரோச் அடித்துக் காட்டினார். மகன் கைத்தொலைபேசியில் இருந்த பழைய புத்தகத்தின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒவ்வொரு இலக்கமும் சரி!

"ஸ்லீவ் அடிக்க வேணும், வால்வ் எல்லாம் புதுசு போட வேணும். செலவு வரும்."

"செலவு பறவாயில்லை ஐயா. நல்லூர்த் திருவிழாவுக்கு முதல் கிடைக்குமோ?"

ஐயா எஞ்சினை மறுபடி சாக்கால் மூடினார். "கொடியேத்தத்துக்கோ, தேருக்கோ?"